முற்றுகைப் படத்தில் கறை

ரிச்சர்ட் பழைய போர் வரைபடங்களைச் சேர்ப்பவர். 1760ஆம் ஆண்டுப் புதுச்சேரி முற்றுகைப் படம் போன வாரம்தான் அவருடைய மூலக்குளம் வீட்டுக்கு வந்தது. கோட்டைக்கும் ஆங்கிலேயர் பீரங்கிகளுக்கும் நடுவே இருபத்தேழு பழுப்புப் புள்ளிகள். நேற்று அவை கோட்டை வாசலை ஒட்டி இருந்தன. இன்று பீரங்கிகள் பக்கம் வந்திருந்தன.

"சோறு பத்தலன்னு கோட்டையில இருந்த சனத்த வெளிய தொரத்துனாங்க. இங்கிலீஷ்காரனும் வழி விடல. நடுவுலயே கெடந்தாங்க" என்றார், பிளேடை எடுத்தபடி.

"அப்ப ஏன் அத சுரண்டப் போறீங்க?" என்றாள் மனைவி லினெட்.

"கறையோட படத்த யாரு மாட்டுவா?"

வாசலில் குரல்கள் கேட்டன. லினெட் எட்டிப் பார்த்தாள்.

"நெறைய பேரு தண்ணி கேக்கறாங்க."

"கேட்டத் தெறக்காத."

லினெட் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

ரிச்சர்ட் மறுபடி எண்ணினார். இருபத்தெட்டு. புதிய புள்ளியின் இடுப்பில் பொடியாக ஒரு குடம் இருந்தது. அந்தப் புள்ளி இன்னும் ஈரமாக இருந்தது. ஈரத்திலேயே எடுத்துவிட்டால் தடம் தெரியாது.

பிளேடை வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்து, முதலில் அதைத் துடைத்தார்.