ஒஃபேலியாவுக்கு எதுக்கு ஆமை?

"மறுபடியுமா?"

கதவைத் திறந்ததுமே தோன் ரெமிஹியோ போட்ட சத்தத்தில், பாலைவன நகரமான டூசானின் அந்த டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன.

வாசற்படியில் ஒஃபேலியா. உதட்டில் சாயம், தோளில் பெரிய கைப்பை. கைகளை முழு நீளத்துக்கு நீட்டி ஒரு செருப்புப் பெட்டியைப் பிடித்திருந்தாள். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஓர் ஆமைக்குட்டி. பெயர் ஃப்ரிஹோல். அவர்கள் பேசும் ஸ்பானிஷில் பீன்ஸ்.

"கேசினோ பஸ் கிளம்பிடும், தோன் ரெமிஹியோ. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

"குட்டியை வெதுவெதுப்பான தண்ணியில உட்கார வச்சியா?"

"நேரமில்ல."

"சாப்பிட என்ன குடுத்த?"

"லெட்டூஸ்."

"லெட்டூஸா! அதுல என்ன இருக்கு, வெறும் தண்ணி! சப்பாத்திக்கள்ளியை முள்ளு சீவிக் குடுன்னு எத்தனை தடவை சொல்றது? ஓடு மேடும் பள்ளமுமா வளர்ந்துச்சுன்னா நீயா வந்து நிமித்துவ? ஏம்மா, சூதாடறதுக்கு நேரமிருக்கு, ஒரு உசுரைப் பார்த்துக்க நேரமில்லையா? உனக்கெல்லாம் எதுக்கு ஆமை?"

எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ, "அதானே!" என்றார்கள்.

ஒஃபேலியா பெட்டியை அவர் கையில் திணித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் குழைவது கேட்டது.

"வாடா ராசா... தோலு ஏன் இப்படிக் காஞ்சு கிடக்கு? பட்டினி போட்டாளா? வா, முதல்ல குளிச்சிடலாம்."

தெருமுனையில் திரும்பியவள் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. குடியிருப்பின் பொது லாண்டரி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கே துண்டு மடித்துக்கொண்டிருந்த சொகோரோ சிரித்தாள். குடியிருப்பைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"வாம்மா சூதாடி! இன்னிக்கு எவ்வளவு ஜெயிச்ச?"

"சும்மா இருடி. இன்னிக்குக் கழுத்தை நீட்டி என்னையே உத்துப் பார்த்துச்சு!" ஒஃபேலியா சோப்பைப் போட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். "பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறி நிக்கிறவ நான். ராத்திரி அது பாட்டுக்குத் தூங்குது. நான்தான் தூங்கறதில்ல."

"அப்புறம் எதுக்கு அண்ணன் பையன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்த? ஊரே உன்னைப் பொறுப்பில்லாதவங்குது."

"சொல்லிட்டுப் போகட்டும். டெலியா போனதுக்கப்புறம் அந்த மனுஷன் கதவைத் திறந்து பார்த்தியா நீ? பெண்டாட்டியோட சேர்த்துத் தன்னையும் புதைச்சுக்கிட்ட மாதிரி, திரையை இழுத்து விட்டுட்டு உள்ளயே கிடந்தாரு. சூப் கொண்டு போனேன், கதவுக்கு அந்தப் பக்கத்திலேர்ந்தே 'பசிக்கலை'ன்னாரு. சோளமாவுத் தமாலே கொண்டு போனேன், அதே பதில். கோவம் வந்துடுச்சு. சரி, பசிக்கலைன்னு சொல்லத் தெரியாத ஒண்ணைக் கொண்டு போவோம்னு கிளம்பிட்டேன்."

சொகோரோ மடித்த துண்டை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"பலிச்சிடுச்சே! நேத்து பார்த்தியா? குட்டி ஒரு முழு செம்பருத்திப் பூவைத் தின்னுடுச்சுன்னு தெருவையே கூப்பிட்டுக் காட்டினாரு. சவரம் பண்ணிக்கிறாரு. கூடு கட்டி, காக்கா தூக்கிடக் கூடாதுன்னு மேல கம்பி வலை போட்டிருக்காரு. கள்ளியில பாதி அதுக்கு, பாதி முட்டையோட வதக்கி அவருக்கு!"

"பாட்டு வேற பாடறாரு," என்றாள் ஒஃபேலியா. "கர்ண கடூரம்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"மனுஷன் தேறிட்டாரு," என்றாள் சொகோரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆமையை அவருக்கே குடுத்துட்டு நீயும் நிம்மதியாத் தூங்கேன். இன்னும் எதுக்கு இந்த வேஷம்?"

ஒஃபேலியா ஒரு துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போக ஓர் இடம் இருக்காதே என்று ஏனோ தோன்றியது. ஆனால் சொகோரோ சொல்வதில் நியாயம் இருந்தது.

சாயங்காலம் போனபோது தோன் ரெமிஹியோ முற்றத்தில் மண்டியிட்டுக் கூட்டுக்கு நிழல் கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, உன் பிள்ளை. நாளைக்காவது லெட்டூஸ் குடுக்காம..."

"தோன் ரெமிஹியோ, நீங்க சொன்னது சரிதான். எனக்கு ஆமை சரிப்படாது. ஃப்ரிஹோலை இனிமே நீங்களே வச்சுக்குங்க."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகம் வாடிவிட்டது.

"அதெல்லாம் முடியாது."

"ஏன்? என்னைவிட நல்லாத்தானே பார்த்துக்கறீங்க?"

"காலையில நீ கொண்டு வரணும். சாயங்காலம் நீ வந்து எடுத்துட்டுப் போகணும். அப்பதான் சரி."

"எனக்குக் கேசினோ..."

"எந்தக் கேசினோ?" அவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அங்க போயிட்டு வந்தா மேலெல்லாம் சிகரெட் நாத்தமில்ல அடிக்கும்? முதல் நாள்லேர்ந்து உன்மேல சோப்பு வாசனைதான் வருது. ஆமைன்னா உனக்கு நடுக்கம்னு டெலியாவே எங்கிட்ட சொல்லியிருக்கா."

ஒஃபேலியாவின் கன்னம் சிவந்துவிட்டது.

"எல்லாம் தெரிஞ்சேதானா, தெருவே வேடிக்கை பார்க்கறமாதிரி தினமும் என்னைத் திட்டினீங்க?"

தோன் ரெமிஹியோ அவள் முகத்தைப் பார்க்காமல் குட்டியின் ஓட்டைத் துடைத்தார்.

"பின்னே? திட்டறதை நிறுத்தியிருந்தா, 'ஆளு தேறிட்டாரு'ன்னு பெட்டியை வச்சுட்டு ஒரேயடியாப் போயிருப்பியே!"