இருபத்திரண்டு அடி நிழல்

சென்ற வாரம் எடுத்த செயற்கைக்கோள் படத்தில், இடிந்த அரண்மனையின் நடுவே ஒரு தூணின் நிழல் விழுந்திருந்தது. வரைபடம் தயாரிக்கும் அவள், நிழலின் நீளத்தை அளந்து, சூரியனின் சாய்வை வைத்துக் கணக்குப் போட்டாள். தூணின் உயரம் இருபத்திரண்டு அடி வந்தது. நிழலின் அடியில் தூணைத்தான் காணோம்.

நிற்கிற தூண் ஒன்றாவது இருந்தால் புதிய சாலை விலகிப் போகும். இல்லையென்றால் அரண்மனையின் மேலேயே போகும். எத்தனை தூண் நிற்கிறது என்று குறிக்கும் படிவம் ஐந்து மணிக்குள் மேலிடத்துக்குப் போக வேண்டும். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரில் பார்க்கப் போன சர்வேயர் நாலரைக்குத்தான் திரும்பினார்.

"தூணாவது துரும்பாவது! எல்லாம் விழுந்து கிடக்குதும்மா. போன தடவை லாரியைக் கோபுரம்னு குறிச்சவதானே நீ?"

அவள் படிவத்தில் பூஜ்யம் போட்டாள். மனம் ஆறவில்லை.

"வெயில் வறுத்தெடுத்திருக்குமே அண்ணே?"

"அதெல்லாம் இல்ல. நிழல்ல உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்."

"அங்க மரம் மட்டைன்னு ஒண்ணும் கிடையாதே?"

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது.

"அந்த நிழல் நகர நகர, நானும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அவள் பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள். அவர் பேனாவை வாங்கி, நேரில் பார்த்தவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.