'டாக்' என்னும் சொல்லுக்கு நீதி

எழுதிப் பழக்கமில்லாதவன் துணிந்து எழுதும் இந்த ஒரு பக்கத்தைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

ஆங்கிலப் பேராசிரியர் நான்கு தடித்த அகராதிகளை விசாரணைக் குழுவின் மேசைமீது இறக்கினார். மூன்று நாட்களாக உறங்காத கண்கள் சிவந்திருந்தன. எதிரே அமர்ந்திருந்த நூலகர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கல்லூரியில் பணிபுரியும் ஒருவரைப் பலர் முன்னிலையில் 'யூ டாக்' என்று நூலகர் விளித்தார் என்பது புகார். அது வசவு என்று உறுதியானால் அவருடைய வேலை அன்றே போய்விடும்.

"கேக்கவே சங்கடமாத்தான் இருக்கு சார்," என்றார் கல்லூரி முதல்வர் அம்மையார். "ஆனா இதைப் பத்திச் சொல்ல உங்களை விட்டா நமக்கு வேற யாரு? அது வசவுதானே?"

"வசவுன்னு ஒரே வார்த்தையில முடிச்சா, அந்தச் சொல்லுக்குத் துரோகம் பண்ணினதா ஆயிடும் மேடம்."

நூலகர் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

பேராசிரியர் முதல் அகராதியைத் திறந்தார். "பழைய ஆங்கிலத்துல நாய்க்குப் பொதுப்பேரு ஹவுண்ட்தான். இந்த டாக் எங்கிருந்தோ வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. எங்கிருந்துன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது!" அவர் அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொடுத்தார். "ஒருத்தரை விடாம பின்தொடர்றதும் டாக். குளிர்காயற அடுப்புல விறகைத் தாங்குற இரும்பும் டாக். அதிர்ஷ்டக்காரனைச் செல்லமா கூப்பிடறதும் டாக்."

"நான் அந்த இரும்பு அர்த்தத்துலதான் சொன்னேன் சார்," என்றார் நூலகர் அவசரமாக.

"அதுக்கும் இடமிருக்கு," என்றார் பேராசிரியர், நேர்மை தவறாமல்.

குழுவிலிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் குறுக்கிட்டார். "அப்ப என்னை யாராவது அப்படிச் சொன்னா, நான் சந்தோஷப்படணுமா சார்?"

"தாராளமா."

ஒரு மணி நேரத்திற்குப் பின் குழுவினர் தம்மையறியாமல் கைதட்டினர். முதல்வர் புகார்க் கோப்பை மூடினார். நூலகரின் வேலை தப்பியது.

பேராசிரியர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே அவருடைய மனைவி கேட்டார். "என்னாச்சுங்க?"

"பிரமாதம்! எல்லாரும் கைதட்டினாங்க. அவர்மேல தப்பே இல்லைன்னு நிரூபிச்சுட்டேன்."

மனைவி விரல்களை மடக்கத் தொடங்கினார்.

"மூணு நாள் தூக்கம் போச்சு. மூணு நாள் சாப்பாடு போச்சு. இப்பப் புகாரும் போச்சு. ஏங்க, அவர் டாக்னு சொன்னது உங்களைத்தானே?"