பன்னிரண்டாவது நாவல்

பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மூன்று மணிக்குள் கட்டாவிட்டால் செல்வகுமாரியின் போட்டோவுக்குக் கீழே 'திருடி' என்று போட்டு, அவள் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் அனுப்பிவிடுவதாக லீகல் ஆபீசர் போனில் சொன்னான்.

தவளக்குப்பத்தில் பாதி எழும்பியிருந்த வீடு அது. சாப்பாட்டு வேளை. மற்ற ஆட்கள் கீழே தூக்குவாளியைத் திறந்துகொண்டிருக்க, சித்தாள் செல்வகுமாரி மட்டும் சிமெண்டு காயாத கையோடு மாடி அறைக்கு ஏறி வந்து போனைக் காதில் வைத்திருந்தாள்.

நாவல் படித்துக் கருத்துச் சொன்னால் பணம் என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பியதுதான் வினை. பத்து நாளில் பன்னிரண்டு நாவல், ஒன்று குறைந்தாலும் அபராதம் என்பது ஆதார் கார்டை அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸிலும் விடியற்காலையிலும் படித்து ஒன்பதுக்கு எழுதி அனுப்பியிருந்தாள்.

யாரிடம் போய்ச் சொல்வது? முப்பத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவள் அவள். கலெக்டர் ஆகப் போறியா என்று அப்போதே சிரித்த புருஷன் பாக்யராஜுக்கு இது தெரிந்தால், இனி பஸ் போர்டைக்கூட அவள் வாய்விட்டுப் படிக்க முடியாது.

மிச்சம் மூன்றையும் படித்தாகிவிட்டது, எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை என்று கெஞ்சினாள். அப்படியானால் வாயால் சொல்லுங்கள் மேடம், பொய் மட்டும் சொல்லக் கூடாது, நான் டைப் செய்துகொள்கிறேன் என்றான் அவன். அவன் குரலுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல நிறையக் குரல்கள் கேட்டபடி இருந்தன.

முதலாவது மாயாஜாலக் கதை. பறக்கிற நாகம் நெருப்புக் கக்கி அரண்மனையை எரிக்கிறது. "மூணு வாட்டி எரிஞ்சி போச்சி சார். மூணு வாட்டியும் திரும்பக் கட்டிட்டாங்க. கட்டனது யாரு? ஒரு கொத்தனாரு, ஒரு சித்தாளு பேரு அதுல இல்ல."

அடுத்தது காதல் கதை. முந்நூறு பக்கத்துக்கு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், வேலைவெட்டிக்குப் போகவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை என்றாள். பிறகு, பொய் சொல்லக் கூடாது என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்து, கதையில் காதலன் காதலிக்குச் செருப்பு மாட்டிவிடுகிற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்ததையும் ஒப்புக்கொண்டாள்.

அந்த நேரம் மழை பிடித்தது. பக்கத்துக் கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று இறங்கியது. டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"அங்க ஏரி ரொம்பிடுச்சா?" என்றான்.

செல்வகுமாரியின் ஆதாரில் பாகூர் என்று ஊர்ப் பெயரும் தெருவும்தான் இருக்கின்றன. ஏரி வரைக்கும் தெரிகிறது என்றால் ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். அவள் பன்னிரண்டாவது நாவலுக்குத் தாவினாள்.

அது ஸ்காட்லாந்துச் சரித்திரக் கதை. கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆம்பிளைகள் குளிரில் மலை ஏறி வாள் சண்டை போடுகிறார்கள். ஒரு தலைவன் எதிரி வீட்டுப் பெண்ணைத் தூக்கி வந்து கோட்டையில் பூட்டிவைக்கிறான். இருநூறாம் பக்கத்தில் அவளுக்கு அவன் மேலேயே ஆசை வந்துவிடுகிறது.

"சண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அடைச்சி வச்சவன் மேல எவளுக்கு சார் ஆச வரும்? நான் செங்கல் சூளைல ரெண்டு வருசம் மாட்டிக்கினு கெடந்தவ. மொதலாளி செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வாந்தி வரும்."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எப்படி வெளிய வந்தீங்க?"

இது கருத்தில் சேருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னாள். "கல்லு ஏத்த வந்த லாரிக்காரன்கிட்ட எங்க ஊரு பேரும் எங்க அண்ணன் பேரும் சொன்னேன். முன்ன பின்ன தெரியாத ஆளு. அவன் போயி சொல்லிட்டான், நாலாம் நாளு அண்ணன் வந்து நின்னுச்சி. அந்தக் கோட்டைக்கும் தெனம் பால்காரன் வரான் சார். அவங்கிட்ட அந்தப் பொண்ணு வாயத் தெறந்திருந்தா கத மூணாம் பக்கத்துலயே முடிஞ்சிருக்கும். எழுதனவங்களுக்கு அது தெரியல."

மறுபக்கம் எங்கோ மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோயின.

பன்னிரண்டும் முடிந்தது மேடம் என்றான், பழைய ஆபீசர் குரலில். அபராதம் மொத்தமும் தள்ளுபடி. அவளுடைய போட்டோவையும் நம்பர்களையும் அழித்துவிட்டதாகவும், இனி இங்கிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றும் சொன்னான்.

செல்வகுமாரி, அடுக்கியிருந்த செங்கல் மேல் உட்கார்ந்து, எங்கே மனசு மாறிவிடுவானோ என்று அவசரமாகப் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அக்கா, வச்சிடாத" என்று அதே குரல் கிசுகிசுத்தது. "எங்களையும் இங்க கேட்டத் தாண்ட வுட மாட்டாங்கக்கா. என் ஊரு உங்க பாகூர் பக்கம் குருவிநத்தம், அப்பா பேரு சுப்பராயலு."