தாரா இல்லாதவரின் தாராக்குளம்

வீட்டில் ஒரு தாரா வாத்துகூட இல்லாத அலியார் நானா, பின்வளவில் தாராக்குளம் வெட்டத் தொடங்கினார்.

பக்கத்து வளவுத் துஷ்யந்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன நானா, கிணறோ?”

“கிணறு கிடக்குத்தானே. இது தாராக்குளம்.”

“தாரா எங்க?”

“வரும்,” என்றார் அவர், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு.

அவர் தலைமன்னார் பஸ் ஓட்டுகிறவர். கிடைக்கிற லீவு நாளையெல்லாம் அந்தக் குழிக்குக் கொடுத்தார். மணல் தண்ணீரைக் குடித்துவிடும் என்று அடியில் பழைய தறப்பாள் விரித்தார். தாரா ஏறி இறங்க ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டார். தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தண்ணீர் வீணாகாமல் குளத்தில் விழச் சின்னதாக ஒரு வாய்க்கால் இழுத்தார். கட்டுக்கரைக் குளத்தடிக்குப் போய்க் கங்குன் கீரை, கோரை, ஆகாயத்தாமரை எல்லாம் ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நட்டார். கங்குனுக்கு மேல் மீன்வலையை இழுத்துக் கட்டினார்.

“அது ஏன் வலை?” துஷ்யந்தியால் பொறுக்க முடியவில்லை.

“இல்லாட்டி ஒரே நாளில வேரோட முடிஞ்சிரும். வலைக்கு வெளியால வாற இலை தாராவுக்கு. உள்ளுக்க கிடக்கிற வேர் எனக்கு.”

கடைசியில், அவருடைய மனைவி றம்லா ஆசையாக வளர்த்த செவ்வலரியையும் பிடுங்கி எறிந்தார். தாரா தின்றால் செத்துப்போகுமாம்.

“கலியாணம் கட்டின நாளில இருந்து எனக்கு ஒரு பூக்கண்டு வாங்கித் தராத மனுசன்,” என்று றம்லா வேலிக்கு இந்தப் பக்கமும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “இப்ப இல்லாத தாராவுக்காக என்ர அலரியைப் பிடுங்கிறார்.”

குளம் நிரம்பிய மறுநாள் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. தாரா ஒன்று தலை குனியாமல் போய்வரக்கூடிய அளவு ஓட்டை. நாய் பிய்த்த பொட்டு இல்லை அது. ஓலையை ஒழுங்காக வெட்டி, ஓரத்தைக் கயிற்றால் கட்டியிருந்தது.

துஷ்யந்தியின் ஆறு தாராக்களும் வரிசையாக அதற்குள்ளால் போயின. அவள் தவிட்டுச் சட்டியைத் தட்டிக் கூப்பிட்டாள். ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. அதுவும் மரியாதைக்கு.

அவளுடைய புருசன் கட்டாரில். வீட்டில் அவளோடு வாய் காட்டுகிறவை என்றால் அந்த ஆறும்தான்.

பொட்டுக்குள் ஓலையைச் செருகினாள். மறுநாள் ஓலை இல்லை. தகரம் வைத்தாள். தகரத்தைக் கழற்றி, வேலியோரமாக அவள் பக்கத்திலேயே பக்குவமாகச் சாத்தி வைத்திருந்தது.

முட்டையும் அங்கேதான் விழுந்தது. காலையில் றம்லா அதைக் கிண்ணத்தில் வைத்து வேலிக்கு மேலால் நீட்டுவாள்.

“இண்டைக்கு இவ்வளவுதான் பிள்ளை.”

தந்தது மட்டும்தானா போட்டது என்று துஷ்யந்தி யோசிப்பாள்.

“இப்ப குளத்தைக் காட்டுறார்,” என்றாள் பின்வீட்டுப் பாலம்மா. “நாளைக்கு எல்லாம் என்ர தாரா எண்டு நிப்பார். பார்த்துக்கொண்டிரு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, மாதா கோயிலுக்குக் கட்டின சீலையோடேயே துஷ்யந்தி அவர் வீட்டுப் படலையைத் திறந்தாள்.

“நானா, வேலியில பொட்டு வெட்டினது ஆர்?”

“நான்தான்.”

அவர் மறுப்பார் என்று நம்பி, பிரசங்க நேரம் முழுக்க அவள் யோசித்து வைத்திருந்த பேச்சு வீணாய்ப் போனது.

“என்ர தாராவை இழுக்கவோ?”

“ஓம்.”

“வெக்கமில்லாமல் ஓம் எண்டுறீங்கள்!”

“பெருநாள் கறிக்கு இன்னும் கனநாள் கிடக்குத் தங்கச்சி, பயப்பிடாதேங்கோ.”

“பகிடி விடாதேங்கோ. இண்டைக்கே சீமெந்துக் கல்லு வைச்சு அடைக்கிறன். அதுகள் முந்தி மாதிரி றோட்டுக்கு அங்கால தண்ணி தேங்கி நிக்கிற பள்ளக் கிடங்குக்கே போகட்டும். நானே சாய்ச்சுக்கொண்டு போறன். அங்க ஒருத்தரும் களவெடுக்கேல்ல.”

அலியார் நானாவின் சிரிப்பு நின்றது.

“அந்தக் கிடங்குக்கு மட்டும் வேண்டாம் தங்கச்சி.”

“ஏனாம்?”

“நடுவில றோட்டுக் கிடக்கு.”

“அப்ப கவனமாப் போ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணுமே. அதுக்கு ஆரும் குளம் வெட்டுவினமோ?”

“உங்களுக்குச் சொல்லலாம். தாராவுக்கு ஆர் சொல்லுறது? அது ஓடினா நீங்களும் பின்னால ஓடுவீங்கள்.”

“ஓடத்தானே வேணும்?”

“போன மாசம் அப்பிடி ஓடேக்க, பஸ் ஒண்டு பிரேக் அடிச்ச சத்தம் கேட்டதோ?”

“கேட்டது, கேட்டது! கண் தெரியாத டிரைவர். என்ர தாராக்கு மேல ஏத்தப் பார்த்தவன். அண்டைக்கு மட்டும் திரும்பிப் பார்த்திருந்தா, நல்லாக் குடுத்திருப்பன்.”

“திரும்பிப் பார்க்காதது நல்லது,” என்றார் அலியார் நானா. “பிரேக்கை மிதிச்சிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தன். பிறகு மெல்லத் திறந்து, றோட்டுக்கு அங்கால எண்ணிப் பார்த்தன். ஆறு தாரா. ஏழாவதா நீங்கள்.”