சக்கரம் இல்லாத பெட்டி

"சக்கரம் வச்சதையே எடுத்துக்கலாங்க," என்றாள் அவள்.

அவள் கணவர் காதில் விழாதவர் போல மற்றப் பெட்டியின் பூட்டைத் திருகிப் பார்த்தார்.

மரச்சாமான் கடையின் நடுவில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்று, தேக்கில் இழைத்தது. அடுக்கடுக்காக இழுப்பறைகள், உள்ளே பச்சைக் கம்பளித் துணி, பித்தளைப் பூட்டு. நாலு ஆள் சேர்ந்து முக்கினால்தான் நகரும். மற்றது ஒட்டுப்பலகையில் செய்தது. ஓரமெல்லாம் அலுமினியத் தகடு, இழுத்துப் போகக் கைப்பிடி, அடியில் சக்கரம்.

தேக்குப் பெட்டி வீட்டோடு கிடக்கும். சக்கரப் பெட்டி சர்க்கஸ் வண்டியில் ஏறும். அது ஏறினால் கத்திகளும் ஏறும், கத்திகளோடு அவளும் ஏறுவாள், வருகிற சனிக்கிழமை அவர் மறுபடியும் பலகை முன்னால் போய் நிற்க வேண்டும்.

அதைத் தடுக்கத்தான் அவளை நைச்சியமாகப் பேசிக் கூட்டி வந்திருந்தார். ஊர் ஊராக ஆசைப்பட்டு வாங்கிச் சேர்த்த கத்திகள் பழைய தகரப் பெட்டியில் கிடந்து துருப்பிடிக்கின்றன, காலத்துக்கும் நிற்கிற மாதிரி ஒன்று வாங்குவோம் என்று. உனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று நேரடியாகச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவளிடம் அதைச் சொல்வதற்குக் கத்தி முன்னால் நிற்பதே மேல்.

கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். "தோலுறைல மட்டும் போட்டு வைக்காதீங்க சார், ஈரம் கோத்துக்கும். இந்தத் துணில படுக்க வச்சுப் பாருங்க. சார் எறியற கத்தியெல்லாம் ராஜா மாதிரி தூங்கும்."

"எறியறது நான் இல்லைங்க, அவங்க. நான் பலகை முன்னாடி நிக்கிறவன்."

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த கொண்டை, தோளில் கைப்பை, முழங்கால் வலிக்காக வாங்கிய தடித்த செருப்பு.

"அம்மாவா? நான் காய் நறுக்கற கத்தியோன்னு நினைச்சேன்," என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார்.

போச்சுடா, என்று நினைத்துக்கொண்டார் அவர்.

அவள் கைப்பைக்குள் கையை விட்டு ஒரு துணிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். பெட்டியில் அளவு பார்ப்பதற்காகக் கொண்டுவந்த கத்தி. எதிர்ச் சுவரில் சாத்தியிருந்த கதவுப் பலகையைத் தாடையால் காட்டினாள்.

"போய் நில்லுங்க."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே நொறுங்கிப்போவாள். அதுவும் இந்த ஆளுக்கு முன்னால். அவர் போய் நின்றார்.

இடது தோளில், சட்டைக்கு அடியில், கட்டு இழுத்தது. போன காட்சியில் கத்தி குறியிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி விழுந்து தோளைக் கீறிவிட்டது. மேடையில் சிரித்தபடியே கும்பிடு போட்டுவிட்டு, கோட்டைக் கழற்றாமல் ஓடி, தனக்குத் தானே கட்டுப் போட்டு, கிழிசலையும் தானே தைத்துவிட்டார். கேட்டால் சொல்வதற்கு, பலகையில் ஆணி நீட்டியிருந்தது என்று ஒரு பொய்யும் தயாராக இருந்தது. நல்ல வேளை, அவள் கேட்கவில்லை.

கடைக்காரரின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "மேடம், சும்மா ஒரு தமாஷுக்குத்தான் சொன்னேன்..."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால்களை அகட்டி நின்று, கத்தியைத் தோளுக்கு மேல் உயர்த்தினாள். கை அதே பழைய கைதான். துளி நடுக்கமில்லை. கண்தான் இடுங்கியது. அவர் எங்கே முடிகிறார், பலகை எங்கே தொடங்குகிறது என்று தேடியது.

அவர் முதுகைப் பலகையோடு ஒட்டிக்கொண்டார்.

அவர்கள் தொழிலில் நிற்பவனுக்கு ஒரே ஒரு விதிதான். கண்ணை மூடக் கூடாது. எறிபவளின் முகத்தைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். மூடினால் அவள்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம், அதற்குப் பிறகு எந்தக் கத்திக்காரியும் எறிய மாட்டாள். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்து நிற்கிறார், ஒரு தடவைகூட மூடியதில்லை. ரத்தம் வந்த அன்றும் மூடவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மின்விசிறியின் கடகட சத்தம் மட்டும் கேட்டது. அது நெடுநேரம் கேட்ட மாதிரி இருந்தது.

பிறகு தடித்த செருப்பு நடக்கிற சத்தம். ஒரு இழுப்பறை போய் மூடிக்கொண்டது. பூட்டு விழுந்தது.

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் தேக்குப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் கத்தி இல்லை, சாவி இருந்தது.

"இதுக்கே பில் போடுங்க. வீட்டுல கொண்டு வந்து இறக்கிடணும்," என்றாள் கடைக்காரரிடம். "இவருக்குப் பயம் வந்துடுச்சு. இனிமே நிக்க மாட்டார்."

கடைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்தை அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். நம்பிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

பணம் கட்டிவிட்டு வாசலுக்கு வந்தார்கள். வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"படி எங்க இருக்குன்னு சொல்லுங்க," என்றாள், கடைக்காரருக்குக் கேட்காத குரலில்.

பிடித்துக்கொள்ள அவள் கை அவருடைய இடது தோளுக்கு வந்தது. சட்டைக்கு அடியில் இருந்த கட்டின்மேல் படாமல், ஒரு நூல் தள்ளி, சரியாக விழுந்தது.