பொம்மையின் காலில் பந்து

போன ஆட்டத்தில், கோல் வட்டத்துக்குள் பந்து தடுப்பாட்டக்காரியின் காலில் பட்டதை நடுவராக நின்ற செண்பகவல்லி கண்ணால் பார்த்தாள். ஹாக்கியில் அது தவறு; ஆனாலும் விசில் ஊதவில்லை. சரியாகத்தான் பார்த்தோமா என்ற சந்தேகம் தீர்வதற்குள் ஆட்டம் நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு மாதம், மாலை வகுப்பு முடிந்ததும் விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தாள். நாளை மறுபடி அவள்தான் நடுவர். இதிலும் தயங்கினால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்று தோழி ஜாக்குலினோடு ஹாக்கி அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தாள். நடுக்கூடத்தில் ஆளுயரப் பொம்மைகள் ஆடுவதுபோல நின்றன. கோலின் முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரப் பொம்மையின் பூட்ஸில் பந்து முட்டிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி மண்டியிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“வட்டத்துக்குள்ள பந்தைக் கால் மறிச்சிருக்கு, ஜாக்கு.”

“ஏட்டி, அது பொம்மை. படிச்சிப் படிச்சிக் கிறுக்காயிட்டியா?”

“இதுக்கே ஊதலைன்னா நாளைக்கு எப்படி ஊதுவேன்?”

விசில் சத்தத்தில் கூடமே திரும்பியது. காவலாளி ஓடிவந்தார்.

“யாரும்மா அது?”

“நான்தாண்ணே. பெனால்டி கார்னர்.”

அந்தத் தண்டனைக்கான சைகையாகக் கோலை நோக்கி நீட்டிய இரண்டு கைகளையும் அவள் இறக்கவில்லை. திட்ட வாயெடுத்த காவலாளி, பொம்மையின் காலைக் குனிந்து பார்த்தார்.